நாற்பத்து நான்கு பேர் என்று சொன்னவர்

செய்தி வந்தபோது நான் தூத்துக்குடியில் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தேன். மரத்துப்போவதற்கு ஊசி போட்டிருந்தார்கள். மடியில் கிடந்த கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. மூன்றாம் முறையும் அதிர்ந்தபோது, உதவிக்கு நின்ற பெண் அதை எடுத்து என் காதோடு வைத்தாள். "டீச்சர், செண்பகம் பேசுதேன். அப்பா இன்னைக்குக் காலையில தவறிட்டாவ" என்றது குரல். நான் பதில் சொல்லப் பார்த்தேன். பாதி முகம் யாருடையதோ போலிருந்தது. வாயிலிருந்து பொருளற்ற ஒரு சத்தம்தான் வந்தது. செண்பகம் அதைப் புரிந்துகொண்டு, நாளைக் காலையில்தான் எடுக்கிறார்கள், பதறாமல் வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பல்லை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். சாயர்புரத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் பிடித்திருக்க வேண்டிய நான், கால் போன பக்கம் நடந்து கடற்கரைக்கு வந்திருந்தேன். முற்பகல் வெயிலில் கடல் எது, வானம் எது என்று பிரிந்து தெரியவில்லை. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத இரண்டு கப்பல்கள் தூரத்தில் நின்றன. அவை நீரில் மிதக்கின்றனவா, வெளிச்சத்தில் தொங்குகின்றனவா என்று சொல்ல முடியவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்குத் தெரிந்தது, கன்னத்துக்குத் தெரியவில்லை. பெருமாள் அண்ணாச்சி இல்லை என்ற செய்தியும் அப்போது அப்படித்தான் இருந்தது. காதில் விழுந்துவிட்டது, உள்ளே வந்து சேரவில்லை.

சிவனணைந்த பெருமாள் என்பது அவருடைய முழுப்பெயர். ஏரலுக்குப் பக்கத்தில் தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஒரு சிற்றூரில், நெல்லும் வாழையும் போட்ட குடும்பத்தில் பிறந்தவர். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றவர். குடிமரபுக் கட்சிக்கு முதலில் மாவட்டச் செயலாளராகவும் பிறகு பொதுச்செயலாளராகவும் இருந்தவர். கடைசி இருபது வருடங்களுக்கு மேல் எந்தக் கட்சியிலும் இல்லாதவர்.

இப்படி ஒரு கட்சி இருந்ததே இன்றைக்குப் பலருக்குத் தெரிந்திருக்காது. அதைத் தொடங்கியவர் ஒரு வழக்கறிஞர். நாங்கள் எல்லோரும் அவரை வக்கீல் ஐயா என்போம். ஆற்றங்கரை ஊர்களின் நிலக்காரர்கள், உப்பளம் வைத்திருந்தவர்கள், புன்னைக்காயல் பக்கத்துப் படகுக்காரர்கள், நாசரேத், சாத்தான்குளம் பகுதித் தலைமையாசிரியர்கள் என்று ஒருவரோடு ஒருவர் பந்தியில் உட்கார்ந்தே பழகாத பலரை அவர் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார். அரசாங்கம் மனிதனுடைய வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் வழிபாட்டுக்குள்ளும் கை நீட்டக் கூடாது. நல்லபடியாக நடக்கிற ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். கொள்கை இவ்வளவுதான். 'மாற்றம் வரட்டும், மெதுவாக வரட்டும்' என்று சுவரில் எழுதினோம். நங்கூரம் எங்கள் சின்னம். ஊர்வலங்களில் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கோஷத்தைக்கூட அவசரமில்லாமல்தான் போடுவோம்.

நான் அண்ணாச்சியை முதலில் பார்த்தது புன்னைக்காயலில். கட்சியில் இருந்த என் தகப்பனார் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தார். அப்போது நான் ஆசிரியையாகச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஆற்று முகத்துவாரத்தில் ஏதோ கட்டப் போகிறார்கள், கரையோரத்து வீடுகள் சிலவற்றைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்ற பேச்சு கிளம்பியிருந்த நேரம். மாதா கோயிலுக்கு முன்னால் வலைகளை ஒதுக்கிவிட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்த, உயரமான ஒருவர் எழுந்தார். பேசத் தொடங்கியதும் கண்களை மூடிக்கொண்டார். தூக்கத்தில் பேசுகிறவர்போல் குரல் மெதுவாக வந்தது.

"எங்க வயலக் கழுவிட்டு வார தண்ணிதான் இங்கன வந்து கடல்ல சேருது. எங்க மண்ணு உங்க வலையில ஏறுது. எங்க ஊர்ல ஆத்துல கை வைக்கணும்னா உங்ககிட்டக் கேக்கணும். உங்க வீட்ட எடுக்கணும்னா எங்ககிட்டயும் கேக்கட்டும்."

இதற்குமேல் அவர் அதிகம் பேசவில்லை. கைதட்டலும் இல்லை. ஒரு படகுக்காரர் எழுந்து வந்து அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துவிட்டுப் போனார். திரும்பும் வழியில் அப்பா, "அந்தாளு கண்ணத் திறந்தா என்ன பேசுவாரோ" என்றார். அடுத்த மாதம் நான் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வீடுகளை எடுக்கும் பேச்சு பிறகு தானாகவே ஓய்ந்தது. அதை எங்கள் வெற்றி என்று அண்ணாச்சி ஒருநாளும் சொன்னதில்லை.

சில வருடங்களில் பொதுக்குழுவுக்கு வந்தேன். அதில் இருந்த ஒரே பெண் நான். கட்சி அறிக்கைகளை எழுதுவது என் வேலையாயிற்று. அண்ணாச்சி கப்பல் ஆபீஸ் பழக்கத்தில் அவற்றைப் பிழையில்லாமல் டைப் அடிப்பார். ஆனால் ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒவ்வொரு தாளையும் என்னிடம் நீட்டி, "இதுல எங்கங்க க், ச் போடணும் டீச்சர்?" என்று கேட்பார்.

வக்கீல் ஐயா இறந்த மறு வருடமே முதல் பிளவு வந்தது. ஆளுங்கட்சியோடு கூட்டணி சேர வேண்டும் என்று உப்பளக்காரர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்றோம். திருச்செந்தூரில் நடந்த கூட்டத்தில் அவர்கள் எழுந்து வெளியே போய், மரத்தடியில் நின்றபடியே ஒற்றுமைப் பிரிவு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சண்டையெல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பிரிந்தவர்களும் பிரியாதவர்களும் தூத்துக்குடியிலிருந்து ஒரே வேனில்தான் வந்திருந்தோம்.

அந்தத் திரும்பும் பயணத்தை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். பிற்பகல். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள், பனையோலை போட்டு மூடிய வெள்ளைக் குவியல்கள், பாத்திகளில் விழுந்து கிடந்த வானம். வெக்கையில் ஒவ்வொருவராகக் கண்ணயர்ந்தோம். நான் விழித்துப் பார்த்தபோது, ஒற்றுமைப் பிரிவின் புதிய தலைவர் அண்ணாச்சியின் தோளில் தலை சாய்த்து வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தார். தோள் மரத்துப்போயிருக்கும். தலைவரின் வீடு வந்ததும் மெல்லத் தட்டி எழுப்பி, "இறங்குதியளா? உங்க இடம் வந்துட்டு" என்றார். இறங்கியவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த தேர்தலில் எங்களை எதிர்த்து நின்றார்.

இரண்டாவது பிளவு அவ்வளவு மென்மையாக இல்லை.

மிச்சமிருந்த கட்சியில் இரண்டு பேர் தலைமைக்கு வந்து நின்றார்கள். ஒருவர் எங்கள் நாசரேத் பக்கத்துப் பேராசிரியர். மற்றவர் ஏரலில் அரிசி ஆலை வைத்திருந்த சங்கரலிங்கம். எல்லோருக்கும் மில்காரர். பேராசிரியர் படித்தவர், நன்றாகப் பேசுவார்; நான் அவர் பக்கம் இருந்தேன். மில்காரர் பேசத் தெரியாதவர், பிடிவாதக்காரர், கட்சிக்காக எந்த ஊருக்கும் நடந்து போகிறவர். அண்ணாச்சியின் அக்கா கோமதியைக் கட்டியவர். அண்ணாச்சி அத்தான் பக்கம் நின்றார். உறவுக்காக நிற்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பேராசிரியர் கட்சியைக் கொண்டுபோய்ப் பெரிய கட்சி ஒன்றில் கரைத்துவிடுவார் என்று அவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மில்காரர் தன் ஆலைக் குடோனில் பொதுக்குழுவைக் கூட்டினார். எங்கள் பக்கத்தார் யாரும் போகவில்லை. பொதுக்குழுவில் தொண்ணூறு பேர். விதிப்படி பாதிப் பேராவது, அதாவது நாற்பத்தைந்து பேராவது, வந்திருக்க வேண்டும். அறுபத்தொரு பேர் வந்ததாகவும், பேராசிரியரைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டு மில்காரரைத் தலைவராக்கியதாகவும் பதிவேடு சொன்னது. பதிவேட்டை வைத்திருந்தவர் பொதுச்செயலாளரான அண்ணாச்சி.

நாங்கள் வழக்குப் போட்டோம். பெயரும் சின்னமும் யாருக்கு என்பது சென்னையில் நடக்கும் விசாரணையில் முடிவாக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் மாவட்டம் முழுக்க ஒரு துண்டறிக்கை சுற்றியது. 'அத்தானுக்கு ஒரு நங்கூரம்' என்று தலைப்பு. ஐம்பது வருடக் கட்சியைச் சீர்வரிசைத் தாம்பாளத்தில் வைத்து அக்கா வீட்டுக்கு அனுப்பியவர் என்று அண்ணாச்சியை அது ஏசியது. கீழே பெயர் இல்லை. அதை எழுதியவள் நான். எழுதிய அன்று, நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மில்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு வரிசை பின்னால். எங்கள் வழக்கறிஞர் நம்பிக்கை இழந்திருந்தார். பதிவேட்டில் இருந்த கையெழுத்துகள் எல்லாம் அந்தந்த ஆட்கள் போட்டவைதான். வரவே இல்லை என்று சொல்ல அவர்களில் ஒருவரும் முன்வரவில்லை. விசாரணை அதிகாரி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, பதிவேடு உங்கள் பொறுப்பில்தானே இருந்தது, அன்று அறுபத்தொரு பேர் வந்தார்களா என்று கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதுமானது. அண்ணாச்சி வழக்கம்போலக் கண்களை மூடினார்.

"வந்தது நாப்பத்தி நாலு பேரு. மிச்சக் கையெழுத்து மறுநாள் வீடு வீடாப் போயி வாங்குனது. போயி வாங்குனது நாந்தான்."

மில்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். கோபத்தைவிட, வழி தெரியாமல் நிற்கிறவரின் பார்வைதான் அது. ஒரே ஒரு ஆள் குறைவு. அந்த ஒரு ஆளுக்காகப் பதினேழு கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எண்ணிக்கை பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று. நங்கூரம் எங்களுக்கு வந்தது. வெளியே எங்கள் ஆட்கள் மாலையோடு காத்திருந்தார்கள். அண்ணாச்சி கையில் ஒரு தோள்பையோடு படியிறங்கிக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அடுத்த வாரமே அத்தான் அவரைத் தன் அணியிலிருந்து நீக்கினார். அக்கா வீட்டுக் கதவும் அடைபட்டது. செண்பகத்தை அந்த வீட்டு மூத்த மகனுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சும் நின்றது. மில்காரர் தன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புதிய குடிமரபுக் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார். மரபைக் காக்கும் கட்சிக்கு 'புதிய' என்று முன்னால் போட வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் கஷ்டப்படுகிறது. எங்கள் பக்கம் நடந்தது அதைவிடக் கேவலம். ஒரு வருடம்கூட ஆகவில்லை; பேராசிரியர் கட்சியை அப்படியே கொண்டுபோய்ப் பெரிய கட்சியில் சேர்த்தார். மேடையில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். புன்னைக்காயல்காரர்கள் சிலர் மட்டும் வர மாட்டோம் என்று கொடியை ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். நான் விலகி வீட்டுக்கு வந்தேன்.

அண்ணாச்சியைப் பார்க்கப் போவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு, தூத்துக்குடியில் அவர் குடியிருந்த மாடிக்கு ஏறினேன். அந்தத் துண்டறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தைத் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தினார்.

"அந்த நோட்டீச நான் நாலு தடவ படிச்சேன் டீச்சர். ஒரு ஒத்துப்பிழை கெடயாது. நம்ம கட்சியில அது ஒரு ஆளுக்குத்தான் வரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் அழுதேன். பிறகு கேட்டேன்: பேராசிரியர் இப்படிச் செய்வார் என்று முன்னாலேயே சொன்னவர் நீங்கள், தெரிந்திருந்தும் ஏன் கட்சியை அவர் கையில் கொடுத்தீர்கள்? அவர் மக்ரூனை இரண்டாக உடைக்கப் பார்த்தார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"நாம பழசக் காப்பாத்துத கட்சி. நடந்தத நடந்தபடி சொல்லாம பழச எப்படிக் காப்பாத்த? கையெழுத்து வாங்கப் போன அன்னைக்கே அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சென்னையில போயி நின்ன பொறவுதான் தெரிஞ்சுது."

அதன் பிறகு, நான் தூத்துக்குடிக்கு வரும் நாட்களில் பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் உட்கார்ந்து பேசுவது வழக்கமாயிற்று. பேச்சு பெரும்பாலும் கட்சியைப் பற்றித்தான். ஒற்றுமைப் பிரிவு மறுபடி இரண்டாக உடைந்ததை, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுச் செய்திபோலச் சொல்வார். அவருக்கு ஒரு கனவு அடிக்கடி வந்தது. கடலுக்கடியில் பொதுக்குழு கூடியிருக்கும். அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க இறங்கிய 'பார்' என்னும் பாறைத் திட்டுகளின் மேல், சிப்பிகளுக்கு நடுவே, எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். உப்பளக்காரர்கள், அத்தான், பேராசிரியர், என் தகப்பனார், ஒருவர் பாக்கியில்லை. வக்கீல் ஐயா தலைமை. எல்லோருடைய துண்டுகளும் பாசிபோல மேல்நோக்கி அசைந்துகொண்டிருக்கும். மேலேயிருந்து பச்சை வெளிச்சம் இறங்கும். யாரும் வாய் திறக்க முடியாது, திறந்தால் தண்ணீர். அதனால் தீர்மானமும் இல்லை, திருத்தமும் இல்லை. மூச்சு எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். "அது ஒரு பிரச்சினையாவே தோணல டீச்சர். எல்லாரும் வந்திருக்காவளேங்கிற சந்தோசத்துல இருந்தேன்" என்றார்.

இப்படியே பல வருடங்கள் ஓடின. செண்பகத்துக்கு வேறு இடத்தில் திருமணமாகிப் பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். அக்கா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒருநாள் காலையில் அண்ணாச்சி போன் செய்தார். கோமதி அக்கா போய்விட்டார்கள் என்றார். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுபோய்ப் போட வேண்டும். அதைத்தான் கோடி என்பது. உடன்பிறந்தவர் இவர் ஒருவர்தான். செண்பகம் அப்போது சென்னையில் இருந்தாள். "ஒத்தையில போக ஒரு மாதிரி இருக்கு. கூட வாரியளா?" என்று கேட்டார். பாசிப்பச்சை நிறத்தில் சேலை எடுத்துக்கொண்டு ஏரலுக்குப் போனோம்.

தெருமுனையிலேயே மில்காரரின் மகன்கள் இருவரும் வந்து நின்றார்கள். "வேண்டாம் மாமா. திரும்பிப் போயிருங்க" என்றான் மூத்தவன். அண்ணாச்சி வாதாடவில்லை. இங்கேயே நிற்கிறேன் என்று மட்டும் சொல்லி, வேப்பமரத்து நிழலுக்கு ஒதுங்கினார். சேலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். உள்ளேயிருந்து பெண்களின் அழுகை கேட்கும், அடங்கும், மறுபடி கேட்கும். தெருவில் வெயில் வெள்ளையாக உறைந்து நின்றது. அன்று எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எங்களைக் கடந்து உள்ளே போனார்கள். சிலர் அவருக்குக் கும்பிடு போட்டார்கள். சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு வாசலில் சலசலப்பு. மில்காரரை ஒரு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தார்கள். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. அவர் பேசத் தொடங்கியதும் உள்ளே அழுகை நின்றுவிட்டது.

"ஏலே பெருமாளு, அன்னைக்கு குடோன்ல எத்தன பேரு?"

"நாப்பத்தி நாலு அத்தான்."

"சரியா எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"உங்க அக்கா காப்பித் தூக்கோட கூட்டம் முடியுற வரைக்கும் அங்கனதான நின்னா. அவளையும் சேத்தா நாப்பத்தஞ்சுல்லா?"

அண்ணாச்சி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில், அந்த வாசலில், வேறு யாராயிருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா மெம்பர் இல்லியே அத்தான்" என்றார்.

மில்காரரின் நல்ல பக்கத்துக் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. "சேத்திருக்கணும். நாந்தான் சேக்கல" என்றார். மகன்களைப் பார்த்து, வழியை விடுங்கள் என்று கையால் காட்டினார். அண்ணாச்சி உள்ளே போய் அக்காவுக்குச் சேலையைப் போட்டார். தொண்ணூறு பேர் இருந்த பொதுக்குழுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருந்த எனக்கும், காப்பி கொடுத்த பெண்களை எண்ண வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அன்று ஏரல் தெருவில்தான் அது உறைத்தது. அடுத்த மழைக்காலத்தில் மில்காரரும் போனார். அதுவரை அண்ணாச்சி வாரம் தவறாமல் போய் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் அண்ணாச்சிக்கு நினைவு தடுமாறத் தொடங்கியதும், செண்பகம் அவரை ஊரில் இருந்த பழைய வீட்டுக்கே அழைத்து வந்து, தானும் உடன் தங்கிப் பார்த்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு முன் நான் போயிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். வெளியே வாழைத்தோட்டம், இலைகளின் வழியாக வந்த வெளிச்சம் சுவர், போர்வை, அவர் முகம் என்று எல்லாவற்றின் மேலும் அசைந்துகொண்டிருந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. செண்பகம் என் கையில் காப்பித் தம்ளரைக் கொடுத்து, நீங்கள் கொடுத்தால் குடிப்பார் என்றாள். கட்டிலருகே நின்று நீட்டினேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அக்கா," என்றார். "ஏன் நிக்க? நீயும் உக்காரு."

நான் உட்கார்ந்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு உறங்கிப்போனார். அவர் கடைசியாக என்னிடம் சொன்ன வார்த்தை அதுதான். அது என்னிடம் சொன்னதில்லை என்றாலும் நான் அதை வைத்துக்கொள்கிறேன்.

இறந்த செய்தி வந்த மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்குள் நுழையும் சாலையில் கார்கள் நின்றன. ஒற்றுமைப் பிரிவிலிருந்து ஒருவர், மில்காரர் கட்சியில் மிஞ்சியவர்களில் ஒருவர், புன்னைக்காயலிலிருந்து ஒருவர் என மூன்று வயதானவர்கள் மடித்த கொடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். மூன்று கொடியும் பார்வைக்கு ஒன்றுதான். யார் முதலில் போர்த்துவது என்பதுதான் யோசனை. செண்பகம் வந்து, "அப்பா மேல எந்தக் கொடியும் வேண்டாம். உங்க தோளக் குடுங்க, போதும்" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைகளை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வந்து நின்றார்கள். நான்காவது தோளாக மில்காரரின் மூத்த மகன் வந்து நின்றார். செண்பகத்துக்கென்று ஒருகாலத்தில் பேசப்பட்டவர். அவர் தலையும் நரைத்துவிட்டது.

தூக்கிய பிறகும் ஒரு பிளவு வந்தது. தார்ச்சாலை வழியாகப் போகலாம் என்றார்கள் இரண்டு பேர். வாய்க்கால் வரப்பு வழியாகத்தான் என்றார்கள் இரண்டு பேர். அண்ணாச்சியைத் தோளில் வைத்துக்கொண்டே நாலு வார்த்தை பேசினார்கள். கடைசியில் வாய்க்கால் பக்கமே திரும்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நானும் செண்பகமும் தெரு முடிகிற இடத்தில் நின்றுவிட்டோம். நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த வயல்களில் வானம் முழுவதும் கிடந்தது. அதன் நடுவே ஒற்றை வரப்பில் அவர்கள் போனார்கள். முதலில் ஆளுக்கொரு நடையாக இருந்தது, பாடை ஆடியது. கொஞ்ச தூரம் போனதும் கால்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஒரே சீராக விழத் தொடங்கின. கொக்குகள் எழுந்து, அவர்கள் கடந்ததும் பழைய இடத்திலேயே வந்து இறங்கின. தலைகீழாக இன்னொரு ஊர்வலம் தண்ணீருக்குள் அவர்களோடு கூடவே போனது.

போய் வாருங்கள், அண்ணாச்சி. வரப்பு ஈரமாக இருக்கிறது. அவர்கள் மெதுவாகத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.